நீலவிழி வேட்கையும் ஒழுங்கின் பீடிப்பும்: ரொனி மொறிசனின் முதல் நாவல் குறித்துச் சில சிந்தனைகள்

உளநோயைப் பொருளாகக் கொள்ளும் ஆக்கங்களை முற்போக்கு விமரிசனம் நீண்ட காலமாகச் சந்தேகக் கண்கொண்டே நோக்கி வந்துள்ளது என்பதை மறுப்பதற்கில்லை. சமூக உறவுகளினின்றும் துண்டிக்கப்பட்ட மனத்தையே மனிதனின் இயல்பான நிலையெனக் காட்டுவதும், தனிமனிதனது விசித்திரமான பீடிப்புகளைப் பூதாகாரப்படுத்தி அவற்றிலேயே திளைப்பதும் மேனாட்டு நவீனத்துவத்தின் ஒரு பிரிவினரிடத்து வழக்காறாகிவிட்டிருந்தமையால், அச்சந்தேகம் முற்றிலும் நியாயமற்றதெனக் கூறவும் இயலாது. 1958இல் ஜேர்மன் மொழியில் வெளிவந்த தமது நூலிலே ஜோர்ஜ் லூகாச் இப்போக்கினைக் கடுமையாகச் சாடினார். எமது விமரிசகர் பலரும் அச்சாடலைச் சுவீகரித்துக்கொண்டனர். 'நசிவிலக்கியம்' என்னுஞ் சொல் எமது சஞ்சிகைகளில் எத்தனை ஆக்கங்களுக்கு எத்துணை எளிதாகச் சூட்டப்பட்டது என்பதை இலக்கிய வரலாறு பயில்வோர் அறிவர்.

இக்கட்டுரையாளரும் அப்பழக்கத்துக்கு விதிவிலக்கல்லர். கலாநிதிப் பட்ட ஆய்வின்போது ரொனி மொறிசனின் முதலாவது நாவலைப் படித்த நான், அதன் இறுதிப் பகுதியின் ஓரத்தில் பென்சிலால் 'நசிவு' என்று ஒற்றைச் சொல்லை எழுதிவைத்திருந்தேன். சில ஆண்டுகளின் பின்னர் அந்நாவலை மாணவரிடையே கலந்துரையாட நேர்ந்தது. அமெரிக்க இனவாதம் பற்றியும் ஹொலிவூட் பற்றியும் பலர் சரளமாகப் பேசினர். கலந்துரையாடல் முடிந்து யாவரும் சென்ற பின்னர், அதுவரை வாய்திறவாதிருந்த ஒரு மாணவி மட்டும் நின்று, அந்தக் கண்ணாடிப் பகுதி உண்மை என்றார். தமது முகத்தின் ஒரு பக்கம் கோணலானதென்ற எண்ணத்தினால் இரண்டாண்டுகள் காலை விரிவுரைகளுக்கு வரமுடியாதிருந்ததையும், புறப்படுவதற்கு முன் கண்ணாடியில் இத்தனை தடவை பார்த்தாக வேண்டுமென்ற ஒரு கணக்குத் தம்மிடம் இருந்ததையும் சில வாக்கியங்களிற் கூறினார். அவர் முகத்தில் எந்தக் கோணலும் இருக்கவில்லை. அன்றிரவு எனது பிரதியை எடுத்து அந்தப் பென்சிற் சொல்லை அழித்தேன். அழித்தமை ஒரு வாதமாகாது என்பது உண்மையே. வாதத்தை இங்கு முன்வைக்க முயல்கிறேன்.

'த புளூவெஸ்ற் ஐ' 1970இல் வெளிவந்தது. ஆசிரியர் 1931இல் ஒகையோ மாநிலத்தின் லொறெயின் நகரில் ஒரு கறுப்பினத் தொழிலாளர் குடும்பத்திற் பிறந்தவர். தந்தையார் கப்பல் கட்டும் தளத்தில் உலோகம் ஒட்டும் தொழிலாளி. 1993இல் நொபெல் பரிசு பெற்ற மொறிசன் 2019இல் மறைந்தார். நாவலின் கதை 1940ஆம் ஆண்டின் இலையுதிர் காலந்தொடக்கம் மறு ஆண்டு வரை அதே லொறெயினில், உருக்காலையை நம்பித் தென்மாநிலங்களிலிருந்து குடிபெயர்ந்து வந்த கறுப்பின மக்களிடையே நிகழ்கிறது. பெக்கோலா பிறீட்லவ் என்னும் பதினொரு வயதுச் சிறுமி தனக்கு நீலக் கண்கள் வேண்டுமென்று ஓராண்டாக இரவு தவறாது கடவுளை இரக்கிறாள். தந்தையாலேயே வன்புணர்வுக்குள்ளாகிக் கருவுற்று, அக்குழந்தையையும் இழந்து, ஈற்றில் நீலக் கண்கள் கிடைத்துவிட்டனவென்று நம்பிச் சித்தம் சிதைகிறாள். தமது ஆரம்பப் பாடசாலைத் தோழி ஒருத்தி நீலக் கண்களை வேண்டியதாகக் கூறியதே நாவலின் வித்து என மொறிசன் பிற்காலத்தில் எழுதினார். 'கறுப்பே அழகு' என்ற முழக்கம் எழுந்த அறுபதுகளில், அவ்வழகை ஊரறியப் பிரகடனஞ் செய்ய வேண்டிய தேவை ஏன் நேர்ந்தது என்பதே அவரை உறுத்திய வினாவாயிற்று. முழக்கம் விடையைத் தந்தது. நாவல் அவ்விடைக்கு முந்திய காயத்தை நோக்கித் திரும்பிற்று.

மருத்துவம் இவ்விடயத்திற் கூறுவதை முதலிற் கருதுதல் பொருந்தும். தன் உருவத்தில் ஏதோவொரு குறையுண்டு என்ற எண்ணம் ஒருவரை விடாது பற்றிக்கொள்ளும் நிலையை 1891இல் இத்தாலிய மருத்துவர் என்றிக்கோ மொர்செல்லி தனியொரு நோயாக விவரித்தார். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட ஐந்தாவது நோய்ப் பகுப்புக் கைநூல், இதனைக் கைகழுவிக்கொண்டேயிருத்தல், கதவைப் பூட்டினோமா என மீண்டும் மீண்டும் சரிபார்த்தல் முதலியவற்றிற் புலப்படும் எண்ணப் பீடிப்பு நோயுடன் ஓரினமாகச் சேர்த்தது. சேர்த்தமைக்குக் காரணமுண்டு. இரண்டிலும் ஓர் எண்ணம் அழையாது வந்து புகுகிறது. அது கிளப்பும் பதற்றத்தைத் தணிக்க ஒரு செயலைச் செய்தாக வேண்டியிருக்கிறது. செயல் கணநேரத் தணிவைத் தந்து பதற்றத்தை மேலும் வேரூன்றச் செய்கிறது. கண்ணாடி பார்த்தல், பிறரோடு ஒப்பிடுதல், 'நான் நன்றாக இருக்கிறேனா' என்று அயலாரிடம் ஓயாது உறுதி கேட்டல் ஆகியன உருவப் பீடிப்பின் கட்டாயச் செயல்கள். பல நாடுகளின் கணக்கெடுப்புகளில் வளர்ந்தோருள் நூற்றுக்கு இருவரளவில் இந்நோய் காணப்படுவதாகத் தெரிகிறது. வெட்கம் காரணமாக அதனை மறைத்து வாழ்வோர் அதிகம். தற்கொலை எண்ணம் இவர்களிடையே மிகுதி என்பதையும் மறத்தலாகாது.

பெக்கோலாவுக்கு இந்நோயின் பெயரைச் சூட்டுவது எனது நோக்கமன்று. கதைமாந்தருக்கு நோய்ச்சீட்டு எழுதும் விமரிசனம் நல்ல விமரிசனமாகாது. அன்றியும் அவளது இறுதிநிலை வன்முறையினால் விளைந்த சித்தச் சிதைவேயாகும். ஆயினும் மருத்துவ வரைவிலக்கணத்தை நாவலின் அருகில் வைத்து நோக்கும்போது, அவ்வரைவிலக்கணத்திலேயே ஒரு வெடிப்புத் தென்படுகிறது. நோயாளி காணும் குறை 'மற்றையோர் கண்ணுக்குப் புலப்படாதது, அல்லது மிக அற்பமானது' என்கிறது மருத்துவம். யார் அந்த மற்றையோர்? அவர்தம் பார்வை நேரானது, நோயாளியின் பார்வை மட்டுமே கோணலானது என்ற அனுமானம் இங்கு பேசாது புகுந்துவிடுகிறது. பெக்கோலாவின் உலகிலோ மற்றையோர் யாவருக்கும் அக்குறை புலப்படுகிறது. ஆசிரியர் அவளை நோக்குவது தவிர்க்க முடியாத வேளையில் மட்டுமே. இருவர் அமரும் மேசையில் வகுப்பிலேயே தனியாக அமர்பவள் அவள் ஒருத்தி. தனது அவலட்சணத்தின் இரகசியத்தைக் கண்டுபிடிக்க அவள் கண்ணாடி முன் நெடுநேரம் இருக்கிறாள். அவளது தேடலில் ஒருவகைத் தர்க்கம் உண்டு. ஏனெனில் அவள் காணும் 'குறையை' ஊர் முழுவதும் காண்கிறது. நோய்ப்பட்டிருப்பது அவள் கண்ணாடியா, ஊரின் கண்ணா என்ற வினாவை நாவல் எழுப்புகிறது. அதனை எழுப்பும் ஆக்கத்தை நசிவென்று ஒதுக்குவது எவ்வாறு?

ஊரின் கண் வானத்திலிருந்து வந்ததன்று. அது எவ்வாறு உற்பத்தியாகிறது என்பதை மொறிசன் பொருள்களின் வழியே காட்டுகிறார். இந்நாவலைப் போலச் சரக்குகள் நிறைந்த நாவல்கள் குறைவு. ஷேர்லி ரெம்பிளின் முகம் பதித்த நீலவெள்ளைக் கோப்பை; அம்முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காகவே பெக்கோலா ஒரு வீட்டின் மூன்று குவாட் பாலைக் குடித்துத் தீர்க்கிறாள். மேரி ஜேன் என்னும் இனிப்பு. அதன் உறையிலே பொன்முடியும் நீலக்கண்ணும் கொண்ட சிறுமியின் படம். நத்தாருக்குப் பெற்றோர் அன்போடு வாங்கித்தரும் வெள்ளைப் பொம்மை. திரையரங்கிலே கிளார்க் கேபிளும் ஜீன் ஹார்லோவும். பாடப்புத்தகத்திலே பச்சையும் வெள்ளையுமான வீடு, சிரிக்கும் தாய், நாய், பூனை. அக்காலத்து அமெரிக்கப் பள்ளிகளில் வழங்கிய டிக், ஜேன் வாசிப்பு நூல்களின் நடையை நாவலின் முகப்பில் மும்முறை வைத்து, இரண்டாம் முறை நிறுத்தக்குறிகளையும் மூன்றாம் முறை சொல்லிடைவெளிகளையும் மொறிசன் நீக்கிவிடுகிறார். ஒரு சிந்தனை தன்னுள் தானே சுழன்று மூச்சுத் திணறும் வேகம் அவ்வரிகளில் உண்டு. பீடிப்பின் இலக்கணத்தை அச்செழுத்திலேயே காட்டிவிட்டார் எனலாம்.

இப்பொருள்கள் யாவும் காசுக்கு விற்கப்படுபவை என்பது அடிப்படையானது. மார்க்ஸ் தமது 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதிகளிற் பணத்தின் வல்லமையைப் பற்றிக் கூறுமிடத்து, அவலட்சணமான ஒருவன் பணத்தால் அழகை வாங்கவல்லவனாயின் அவலட்சணத்தின் விளைவு அவனைத் தீண்டுவதில்லை என்ற கருத்தை எள்ளலோடு முன்வைக்கிறார். இதன் மறுதலை லொறெயினில் நடந்தேறுகிறது. எதையும் வாங்கவியலாதவர்மீது அவலட்சணம் சட்டையைப் போலப் போர்த்தப்படுகிறது. பிறீட்லவ் குடும்பம் கைவிடப்பட்ட கடையொன்றின் முன்னறையில் வசிக்கிறது. தவணைப் பணத்துக்கு வாங்கிய அவர்களது சோபா வந்திறங்கும்போதே கிழிந்திருந்தது; கடைக்காரர் பொறுப்பேற்கவில்லை; கிழிந்த சோபாவுக்கு மாதந்தோறும் பணம் கட்டவேண்டியிருக்கிறது. இச்சிறு நிகழ்ச்சியிலே கடன், அவமானம், பொருளின்மேல் எழும் வெறுப்பு ஆகிய மூன்றும் ஒன்றாகின்றன. அவர்கள் அங்கு வசிப்பது வறுமையினாலும் நிறத்தினாலும். அங்கிருந்து நகராதிருப்பது தாம் அவலட்சணமானவர் என்று நம்பியதனால் என்கிறார் ஆசிரியர். விளம்பரப் பலகையும் திரைப்படமும் எதிர்ப்படுவோரின் பார்வையும் அந்நம்பிக்கைக்குச் சாட்சி சொல்கின்றன.

இனிப்பு வாங்கும் காட்சி தனியே நோக்கத்தக்கது. மூன்று சதங்களுடன் கடைக்குச் செல்லும் வழியிலே பெக்கோலா நிலத்திற் பூத்துக்கிடக்கும் டான்டெலியன் மலர்களைக் கண்டு, மக்கள் ஏன் இவற்றைக் களையென்கிறார்கள், அழகாகத்தானே இருக்கின்றன என்று எண்ணுகிறாள். ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய கடைக்காரர் யாக்கோபௌஸ்கி அவளைப் பார்க்கிறார், ஆனால் காணவில்லை. அவர் கண்ணில் உள்ள வெறுமையின் விளிம்பில் அருவருப்பு இருப்பதை அவள் அறிகிறாள். காசை வாங்கும்போது அவள் கையைத் தொடாதிருக்கத் தயங்குகிறார். வெளியே வந்தவளுக்கு முதலில் கோபம் மூள்கிறது. கோபத்திலே ஓர் இருப்பு உண்டு, தான் மதிப்புடையவள் என்ற உணர்வு உண்டு என்று நாவல் குறிப்பிடுவது மனங்கொள்ளத்தக்கது. ஆனால் கோபம் நிலைக்கவில்லை. வெட்கம் பொங்கி அதனை மூடுகிறது. அதே மலர்கள் இப்போது அவளுக்கு அவலட்சணமான களைகளாகத் தெரிகின்றன. சில நிமிட நேரத்தில் நிகழும் இம்மாற்றத்தைக் காட்டிலும் துல்லியமாக உணர்ச்சியின் அரசியலைக் காட்டும் பகுதியை நான் அதிகம் படித்ததில்லை. கோபம் வெளியே செல்ல வழியுள்ள உணர்ச்சி. வெட்கம் உடலுக்குள்ளேயே திரும்பி அதனைத் தின்னும் உணர்ச்சி. அதன் பின் அவள் ஒன்பது இனிப்புகளையும் தின்கிறாள். இனிப்பைத் தின்பது அவளுக்கு மேரி ஜேனைத் தின்பது, மேரி ஜேனாவது. நுகர்வு இங்கு சடங்காகிவிடுகிறது.

பெற்றோர் அடித்துக்கொள்ளும் வேளையில் அவள் போர்வைக்குள் இருந்தவாறு தன் உடலை மறையச் செய்யும் பகுதியும் இத்தகையதே. விரல்கள் போகின்றன, கைகள் போகின்றன, பாதங்கள் போகின்றன. கண்கள் மட்டும் போவதில்லை. கண் போகாதவரை எல்லாமே இருக்கிறது. ஆகையால் கண்ணையே மாற்றவேண்டும் என்ற முடிவுக்கு அவள் வருகிறாள். கண் வேறாயின் தாய்தந்தையரும் வேறாக நடப்பர் என்பது அவள் எண்ணம். நீலவிழி வேட்கையை அழகின்மேற் கொண்ட ஆசையென வாசிப்பது இதனால் மேலோட்டமாகிவிடுகிறது. அது சண்டையை நிறுத்துவதற்கான மந்திரம். பீடிப்புக்குள்ளானோரின் பல சடங்குகள் இவ்வாறே, தம்மால் தடுக்கவியலாத ஒரு பெருந்தீங்கைத் தடுக்க எடுக்கப்படும் சிறுமுயற்சிகளாகவே தொடங்குகின்றன.

உருவத்தின் பீடிப்பு மகளிடத்தெனில் ஒழுங்கின் பீடிப்புத் தாயிடத்து. என் கணிப்பில் நாவலின் மிக வலிய படைப்பு போலினே. இரண்டு வயதில் துருப்பிடித்த ஆணி ஏறிப் பாதம் வளைவிழந்தமையால் சற்றுக் காலிழுத்து நடப்பவள். சிறுவயது முதலே பொருள்களை வரிசைப்படுத்துவதில் அவளுக்குத் தனியின்பம். அலமாரியிற் போத்தல்களையும், படியிற் பீச்சுப்பழக் கொட்டைகளையும், குச்சிகளையும் கற்களையும் நிறம், பருமன் பார்த்து அடுக்குவாள். அவளுக்குக் கிட்டாதிருந்தவை வண்ணங்களும் வரைகோல்களும். அவை இல்லை என்பதுகூட அவளுக்குத் தெரியாதிருந்தது என்று ஆசிரியர் ஒரு வரியிற் கூறிச் செல்கிறார். இவ்வரியை நாம் விரைந்து கடந்துவிடலாகாது. ஒழுங்கின் வேட்கை இங்கு தோற்றத்தில் நோயன்று. அது கருவி கிடைக்காத ஒரு கலைத்திறன்.

லொறெயினுக்கு வந்தபின் போலினின் தனிமையைத் திரையரங்கு நிரப்புகிறது. கருவுற்றிருந்த காலத்தில் ஒரு நாள், சஞ்சிகைப் படமொன்றிற் கண்டவாறு ஜீன் ஹார்லோவைப் போலத் தலைமயிரை அலங்கரித்துக்கொண்டு படம் பார்த்திருக்கிறாள். இனிப்பொன்றைக் கடித்தபோது முன்பல் கழன்றுவிடுகிறது. அன்றோடு அவள் அழகின் போட்டியிலிருந்து விலகி, அவலட்சணமாயிருக்க முடிவுசெய்துவிடுகிறாள். பின்னர் பிஷர் குடும்பத்தின் வீட்டில் வேலைக்காரியாகச் சேர்ந்தபோது அவளது ஆதித்திறனுக்கு முதன்முறையாகக் களங் கிடைக்கிறது: நிறைந்த அலமாரிகள், வெள்ளைத் துணிகள், பளபளக்கும் பாத்திரங்கள், வெந்நீர் வரும் குழாய். தன் பொருட்டுச் செல்லும்போது அவளை இழிவுபடுத்திய கடைக்காரர், பிஷர் வீட்டார் சார்பில் அவள் பேசும்போது மரியாதை காட்டுகின்றனர். சற்று அஞ்சவுஞ் செய்கின்றனர். அந்நியமாதல் பற்றி எத்தனையோ பக்கங்களை எழுதியுள்ளோம். தன் உழைப்பால் ஆக்கிய ஒழுங்கு தனக்குரியதாகாது பிறர் உடைமையாகி நிற்க, அதன் நிழலில் மட்டுமே தனக்கொரு மதிப்புக் கிடைப்பதனால் அதனையே பற்றிக்கொண்டு, தன் வீட்டையும் மக்களையும் வெறுப்பதுதான் அதன் முழுப்பொருள் என்பதை நாவல் காட்சியாக்குகிறது.

அக்காட்சி சமையலறையில் நடைபெறுகிறது. பெக்கோலா தற்செயலாகத் தட்டிவிட, சூடான பழப்பணியாரம் கழுவித் துடைத்த தரையிற் சிதறிக் காலைச் சுடுகிறது. தாய் மகளை அடிக்கிறாள். அழுகின்ற வெள்ளைச் சிறுமியை அணைத்துத் தேற்றுகிறாள். தாயை 'மிசிஸ் பிறீட்லவ்' என்றழைப்பது பெற்ற மகள். 'பொலி' என்று பேர்சொல்லி அழைப்பது எசமானின் குழந்தை. தாய் 'என் தரை' என்று புலம்புகிறாள். அத்தரை அவளதன்று.

ஜெரல்டீன் முதலிய நடுத்தர வர்க்கப் பெண்களைப் பற்றி நீட்டிக்க வேண்டியதில்லை. தலைமயிரின் ஓரம் சுருண்டுவிடுமோ, சிரிப்புச் சற்று உரத்துவிடுமோ என்று ஓயாது தம்மைத் தாமே கண்காணிக்கும் அவர்களிடத்துத் தூய்மை வர்க்க உயர்வின் நுழைவுச்சீட்டாகிறது. ஆனால் சோப்ஹெட் சேர்ச் எமது நாட்டு வாசகருக்குச் சற்று நெருக்கமானவன். அவன் மேற்கிந்தியத் தீவினன். தம் மூதாதையருள் ஓர் ஆங்கிலப் பிரபுவின் இரத்தம் கலந்ததைக் குலப்பெருமையாகப் பேணி, தலைமுறை தலைமுறையாக வெளுத்த தோலைத் தேடி மணஞ்செய்து, குடியேற்றவாத ஆட்சியின் கல்வியையும் பதவியையும் நாடிய குடும்பத்தின் எச்சம். எம்மையும் ஆண்ட அதே சாம்ராச்சியம் உருவாக்கிய வார்ப்பு அது. (எமது ஞாயிறு வெளியீடுகளின் மணமக்கள் பகுதியைப் படிப்போர் அவ்வார்ப்பு எங்கும் உடைந்துவிடவில்லை என்பதை அறிவர், அது வேறொரு கட்டுரைக்குரியது.) மனித உடலின் நாற்றமும் பீளையும் மறுவும் அவனுக்கு அருவருப்பு; ஆகவே 'தூய' உடல்களைத் தேடிச் சிறுமியரைத் துன்புறுத்துகிறான். தூய்மைப் பீடிப்பு எவ்வளவு அழுக்கான இடத்துக்கு இட்டுச்செல்லக்கூடும் என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டுவதில்லை. ஆயினும் பீடிப்பு நோயால் வருந்துவோர் பெரும்பாலும் பிறருக்குத் தீங்கிழைக்க அஞ்சி அஞ்சியே வாடுபவர் என்பதையும் இங்கு கூறுதல் கடமையாகும். சோப்ஹெட்டின் அருவருப்பு நோயினதன்று. அது ஒரு வர்க்கத்தின், ஒரு நிறவெறியின் அருவருப்பு. இவ்வேறுபாட்டை நாவல் தெளிவாக உணர்த்தவில்லை என்பது எனது முறைப்பாடு.

1952இல் வெளிவந்த தமது முதல் நூலிலே பிரான்ஸ் பனொன், தாழ்வுணர்ச்சி இருபடிகளில் நிகழ்வதாக விளக்கினார்: முதலாவது பொருளாதார நிலைப்பட்டது, அடுத்தது அத்தாழ்வு தோலுக்குள் இறங்குவது. அவர் உளமருத்துவர் என்பதும், நோயாளரை அருகிருந்து கண்டவர் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கன. எம்முட் பலர் முதற்படியை எழுதிவிட்டு இரண்டாவது தானாகவே விளங்கிவிடும் என்று விட்டுவிட்டோம். அது தானாக விளங்குவதில்லை. குளோடியாவைப் பாருங்கள். அவளும் கறுப்பினச் சிறுமி. அவள் வீடும் குளிர் நுழையும் ஏழை வீடு. அவளும் அதே பொம்மையைப் பெறுகிறாள். அவள் அதனை உடைக்கிறாள், உள்ளே என்ன இருக்கிறது எனத் தேடுகிறாள். இருவரும் ஒரே வர்க்கம், ஒரே நிறம், ஒரே நகர். ஒருத்தி பொம்மையை உடைக்கிறாள், மற்றவள் உடைந்துபோகிறாள். குளோடியாவுக்கு இருமல் வந்த இரவில் திட்டிக்கொண்டே மார்பில் தைலந் தேய்க்கவும் போர்வையைச் சரிசெய்யவும் ஒரு கை வருகிறது. பெக்கோலாவிடம் அவ்வாறு பரிவோடு பேசுவோர் மாடியில் வசிக்கும் மூன்று விலைமாதர் மட்டுமே. சமூகக் காரணி யாவர்க்கும் பொது. நோய் யாவர்க்கும் பொதுவன்று. இவ்விடைவெளியைச் சமூகவியல் மட்டும் நிரப்பிவிடும் என்று பாவனை செய்வது பொருள்முதல்வாதமன்று, சோம்பலே.

குளோடியாவும் ஈற்றில் ஷேர்லி ரெம்பிளை நேசிக்கக் கற்றுக்கொள்கிறாள் என்பதையும் சேர்த்தே கூறவேண்டும். தனது வெறுப்பின் கொடூரத்தைக் கண்டு வெட்கி, அவ்வெட்கத்துக்கு அன்பில் ஒளிவிடம் தேடினாள். தூய்மையில் மகிழவும் அவ்வாறே கற்றாள். அது முன்னேற்றமற்ற இசைவாக்கமே என்பது வளர்ந்த குளோடியாவின் கணிப்பு. நலமுடையோர் எனப்படுவோர் அந்த இசைவாக்கத்திலே வாழ்பவர் என்றால், எமது நலம் பற்றியும் நாம் சற்றுத் தயங்கியே பேசவேண்டும்.

இனி, நான் 'நசிவு' என்றெழுதிய இறுதிப் பகுதி. பெக்கோலா கண்ணாடி முன்னிருந்து தன்னுள் தானே படைத்துக்கொண்ட தோழியோடு உரையாடுகிறாள். நிமிடத்துக்கு எத்தனை முறைதான் அதைப் பார்ப்பாய் என்று தோழி சலிக்கிறாள். பெக்கோலாவால் பாராதிருக்க முடியவில்லை. யாரும் தன்னை நேர்நோக்காதிருப்பது தனது கண்ணழகின்மேற் கொண்ட பொறாமையாலே என்கிறாள். பின்னர் ஐயம் தலைதூக்குகிறது: இந்த நீலம் போதுமா? எங்கோ ஒருத்தியின் கண் இதிலும் நீலமாயிருக்குமோ? அவள் ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஒப்பிடுகிறாள், தோழி உறுதி கூறுகிறாள், உறுதி ஒரு கணமே நிலைக்கிறது, மீண்டும் கேட்கிறாள். ஓயாது உறுதி வேண்டுதல் என மருத்துவம் பட்டியலிடும் செயல் இதுவே. ஆனால் பட்டியலில் இல்லாத ஒன்று இங்குண்டு. வேண்டியது முற்றாகக் கிடைத்துவிட்ட பின்னரும் பீடிப்பு ஓயவில்லை. நாவலின் ஆங்கிலத் தலைப்பு நீலக் கண்ணைக் குறிப்பதன்று, யாவற்றினும் மிக நீலமான கண்ணைக் குறிப்பது. ஒப்பீட்டின் ஈற்றுப்படிக்கு எல்லையில்லை. சந்தைக்கும் எல்லையில்லை. இவ்விரண்டையும் ஒரே சொல்லில் முடிந்துவிட்ட எழுத்தாளரை அகவயவாதி என்று கூறியமைக்கு நான் வெட்கப்படவேண்டும்.

ஆயினும் நோயைச் சமூகத்தின் உருவகமாக மட்டும் வாசித்துவிடுவதில் ஓர் அநீதியுண்டு. உருவகம் வலிப்பதில்லை; அந்த மாணவிக்கு வலித்தது. சமூகம் மாறும்வரை கண்ணாடி முன் நின்றுகொண்டிரு என்று அவரிடம் எந்த மார்க்சியவாதி கூறுவான்? இந்நோய்களுக்கு இன்று மருந்தும் உண்டு, கட்டாயச் செயலைப் படிப்படியாகக் கைவிடப் பயிற்றும் உளச்சிகிச்சையும் உண்டு, பலர் தேறுகின்றனர். அவர் தேறிவருகிறார். அதனால் விளம்பரப் பலகையின் குற்றம் குறைந்துவிடாது.

நாவலின் குறைகளையும் கூறாதுவிடலாகாது. கதையைத் துண்டுகளாக்கி வாசகரே பொருத்திக்கொள்ளுமாறு விட்ட தமது உத்தி முழுவெற்றி பெறவில்லை என்பதை மொறிசனே 1993இல் எழுதிய பின்னுரையில் ஒப்புக்கொண்டார்: பலர் பெக்கோலாவுக்காக இரங்கினர், அவள் சிதைவில் தமது பங்கை வினவவில்லை என்பது அவர் குறை. எனக்கு இதனினும் பெரிதாகப்படுவது பிறிதொன்று. 1941ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் குளோடியாவும் தமக்கையும் நட்ட சாமந்தி விதைகள் முளைக்கவில்லை. அதற்குத் தம்மையே நொந்த குளோடியா, வளர்ந்தபின் நிலத்தைக் குற்றஞ்சாட்டுகிறாள்: சில பூக்களுக்கு இந்நாட்டு மண் ஆகாது. அழகிய படிமம், அதனாலேயே ஆபத்தானது. மண் என்று சொல்லிவிட்டால் அது இயற்கையாகிவிடுகிறது. முந்நூறு பக்கத்துக்கும் குறைந்த நூலொன்றில் தவணைச் சோபாவையும், திரையரங்கையும், பாடப்புத்தகத்தையும், பிஷர் வீட்டு அலமாரியையும், யாக்கோபௌஸ்கியின் தயங்கும் விரல்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டிய ஆசிரியர், அவை யாவும் மனிதர் செய்தவை என்பதை எவரினும் நன்கறிந்தவர், கடைசிப் பக்கத்தில் ஏன் மண்ணிடம் சென்றார்? குளோடியாவின் குரலுக்கும் ஆசிரியரின் குரலுக்கும் இடையே தூரம் உண்டென்று ஒருவர் வாதிடலாம். அவ்வாறு வாதிட்ட மாணவரும் இருந்தனர். அந்தத் தூரம் அப்பக்கத்தில் எனக்குப் புலப்படவில்லை.